கை ஓங்கும் முன் கால் நிற்க வேண்டும்

கோடை விடுமுறை தொடங்கினால் போதும், திருப்பதியிலும் திருச்சானூரிலும் கராத்தே, டேக்வாண்டோ, குங்ஃபூ வகுப்புகளின் துண்டு விளம்பரங்கள் செய்தித்தாளுக்குள்ளிருந்து விழ ஆரம்பித்துவிடும். ஒரு பையன் காலைத் தலைக்கு மேல் தூக்கியிருப்பான். இன்னொருவன் ஓடு உடைத்துக்கொண்டிருப்பான். கீழே தற்காப்பு, தன்னம்பிக்கை, ஒழுக்கம் என்று மூன்று வாக்குறுதிகள். வாத்தியார் நல்லவராக அமைந்தால் பின்னிரண்டும் பிள்ளைக்கு வந்துவிடும். முதலாவதைப் பற்றித்தான் பெற்றோர் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நாம் பணம் கட்டுவது சண்டைக் கலைக்கா, தற்காப்புக்கா? இரண்டும் ஒன்றில்லை.

சண்டைக் கலை ஆண்டுக்கணக்கில் பழக வேண்டியது. போட்டிக்குப் போனால் எதிரே நிற்பவர் நம் வயதுக்காரர், நம் எடைக்காரர். நடுவர் உண்டு, அவர் நிறுத்தச் சொன்னால் இருவரும் நிறுத்திவிடுவார்கள். தற்காப்பு தேவைப்படும் இடத்தில் இது எதுவும் கிடையாது. எதிராளி நம்மைவிட இருபது கிலோ கூடுதலாக இருப்பான். தரை ஈரமாக இருக்கும். நாம் புடவையிலோ வேட்டியிலோ, ஒரு கையில் பையும் மறு கையில் குழந்தையுமாக நின்றுகொண்டிருப்போம். இரண்டு வருஷம் கராத்தே படித்த பத்து வயதுப் பெண் வளர்ந்த ஆணை உதைத்து வீழ்த்திவிடுவாள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உதறிக்கொண்டு, கத்திக்கொண்டு ஓடிவிடுவாள் என்றால் நம்பலாம். அந்த உதறலையும் கத்தலையும் ஓட்டத்தையும் வகுப்பில் பழக்குகிறார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இன்னொன்று, எந்த ஆபத்திலிருந்து தற்காப்பு? ஊருக்கு ஊர் அது மாறும். பத்மாவதி தாயார் குடியிருக்கும் திருச்சானூரில் உடம்புக்கு வரக்கூடிய ஆபத்துகளில் முதலிடம் கூட்டத்துக்குத்தான். கார்த்திகை பிரம்மோற்சவத்தின் நிறைவு நாளான பஞ்சமி தீர்த்தத்தன்று பத்மசரோவரம் என்கிற ஒரே குளத்தில் முழுக்குப் போட லட்சக்கணக்கானவர்கள் வந்து சேர்கிறார்கள். சக்கரத்தாழ்வார் நீராடும் அந்த நேரத்திலேயே தானும் முழுகிவிட வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. ஒரே குளம், ஒரே நேரம். கூட்டம் கையை மீறினால் என்ன ஆகும் என்று திருப்பதி பார்த்துவிட்டது. 2025 ஜனவரி 8ஆம் தேதி இரவு, வைகுண்ட வாசல் தரிசன டோக்கனுக்குக் காத்திருந்தவர்களில் 6 பேர் நெரிசலில் சிக்கி இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று கரூரில் அரசியல் கூட்டமொன்றின் நெரிசலில் 41 பேர்.

நெரிசல் சாவு என்றதும் மிதிபட்டு இறந்தார்கள் என்றே நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படியில்லை. கூட்ட விபத்துகளை ஆராய்ந்த ஜான் ஃப்ரூயின் 1993இல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாகச் சொல்கிறது: ஒரு சதுர மீட்டரில் 7 பேர் என்ற நெருக்கம் வந்துவிட்டால் கூட்டம் தண்ணீர் மாதிரி நடந்துகொள்ள ஆரம்பிக்கும். இரண்டடிச் சதுர டைல்ஸ் மூன்றைச் சேர்த்துப் போட்டால் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். அதில் ஏழு பேர் நிற்பதை நினைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு எந்தப் பக்கம் போவது என்பது நம் கையில் இல்லை. நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சுத் திணறித்தான் இறக்கிறார்கள், பல பேர் நின்ற நிலையிலேயே.

இங்கே கறுப்புப் பட்டை உதவாது. ஆனால் நிற்கத் தெரிந்திருந்தால் உதவும். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, தோள் அகலத்துக்கு விட்டு, முழங்காலை லேசாக மடக்கி நில்லுங்கள். இரண்டு முன்கைகளையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுக்கும் முன்னால் நிற்பவர் முதுகுக்கும் நடுவே அந்த ஒரு சாண் இடம்தான் உங்கள் மூச்சு. தள்ளு வரும்போது எதிர்த்து நிற்காதீர்கள். அதோடு போய், அலை தளரும்போது சாய்வாக ஓரம் பார்த்து இரண்டு அடி வையுங்கள். அடுத்த தளர்வில் இன்னும் இரண்டு அடி. ஓரம் என்றால் சுவரோ தடுப்புக் கம்பியோ இல்லை, அவற்றின் மீது அழுத்தப்பட்டால் தப்ப வழி கிடையாது. திறந்த பக்கம் பாருங்கள். செருப்பு கழன்றாலும் போன் விழுந்தாலும் குனியக் கூடாது. குழந்தையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாமல் மேலே தூக்கிக்கொள்ளுங்கள். விழுந்து எழ முடியாமல் போனால் மல்லாந்தோ குப்புறவோ கிடக்காமல் ஒருக்களித்துச் சுருண்டு, தலையைக் கைகளால் மூடிக்கொள்ளுங்கள்.

பஞ்சமி தீர்த்தத்தின் புண்ணியம் அன்று நாள் முழுக்க உண்டு, எப்போது வேண்டுமானாலும் நீராடலாம் என்று திருமலை திருப்பதி தேவஸ்தான அதிகாரிகளே பலமுறை சொல்லியிருக்கிறார்கள். மத்தியானத்துக்கு மேல் நிதானமாகப் போய் முழுகுபவர்தான் என் கணக்கில் தற்காப்பில் தேறியவர்.

கூட்டத்தில் நிற்கச் சொன்ன அந்த நிலை புதிதொன்றுமில்லை. சிலம்பத்தில் அதன் பெயர் காலடி. ஆந்திராவில் சிலம்பத்தைக் கர்ரசாமு என்பார்கள். கம்பு அதே கம்புதான். பழைய முறையில் சொல்லித் தரும் ஆசானிடம் சேர்ந்தால் முதலில் கம்பு கைக்கு வராது. மண் தரையில் வெறுங்காலோடு முன்னே, பின்னே, பக்கவாட்டில் அடி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வலது கால் முன்னே போனால் இடுப்பும் கூடவே திரும்பியாக வேண்டும். பின்கால் பாதம் மண்ணைத் தேய்த்துக்கொண்டு வர வேண்டும், தூக்கி வைக்கக் கூடாது. பையன் மும்முரமாக இருக்கும்போது ஆசான் சத்தமில்லாமல் பின்னால் வந்து தோளில் இரண்டு விரலால் ஒரு தள்ளு தள்ளிப் பார்ப்பார். தடுமாறினால் முதல் அடியிலிருந்து மறுபடி. பிள்ளைகளுக்கு இது சலிப்பு. வந்த அன்றே கம்பைச் சுற்றவிட்டால் வீடியோ எடுக்கலாம், அப்பா அம்மாவுக்கும் திருப்தி. ஆனால் கால் நிற்காதவன் கையில் கம்பு இருந்து என்ன பயன்? முதலில் தன் மண்டையில்தான் அடித்துக்கொள்வான்.

சிலம்பத்துக்கு இப்போது மவுசு கூடியிருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. மேடையில் மின்னல் வேகத்தில் கம்பு சுற்றுவது அழகு. எதிரே ஆள் நிற்க, அடியைத் தடுத்துத் திருப்பிப் போடுவது வேறு பயிற்சி. இரண்டும் நடக்கிறதா என்று பார்த்துச் சேர்ப்பது நல்லது.

கால் நிற்கப் பழகினால் அடுத்தது விழப் பழகுவது. ஜிகோரோ கானோ 1882இல் தோக்கியோவில் தொடங்கிய ஜூடோவில் பாதிப் பாடம் இதுதான். முகவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, முதுகை வளைத்து, கையை நீட்டி ஊன்றாமல், முன்கை முழுவதும் தரையில் படும்படி தட்டி விழ வேண்டும். கையை ஊன்றினால் மணிக்கட்டு உடையும். முகவாய் மேலே இருந்தால் பின்மண்டை அடிபடும். வாழ்நாளில் ஒருவனோடும் சண்டை போடப் போகாதவருக்கும் குளியலறை ஈரத்திலும் குளத்துப் படிக்கட்டிலும் பயன்படுகிற ஒரே சண்டைப் பாடம் இது. அறுபது தாண்டியவர்கள் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. நின்று நிதானமாகக் காலை மாற்றி மாற்றி எடை வைத்துப் பழகினாலே போதும். கால் பலமும் சமநிலையும் தரும் உடற்பயிற்சி முதியவர்கள் விழுவதை ஏறக்குறைய 23 சதவீதம் குறைக்கிறது என்று 2019இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது.

இனி பெண் பிள்ளைகளைப் பற்றி. பெற்றோர் மனதில் இருக்கும் படம் இருட்டுச் சந்து, அறிமுகமில்லாத ஆள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கோ வேறு மாதிரி: பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 10இல் 9க்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர். உறவுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், நண்பர், வேலை கொடுத்தவர். இந்த ஆட்களிடம் வட்டமாகச் சுழன்று உதைக்கும் உதை எதற்கு உதவும்? இங்கே முதல் தடை உடம்பில் இல்லை. ‘மாமாவை எப்படி அதட்டுவது’ என்ற தயக்கத்தில் இருக்கிறது.

கனடாவில் சார்லீன் சென் என்பவர் தலைமையில் 3 பல்கலைக்கழகங்களில் முதலாமாண்டு மாணவிகள் 893 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. முடிவுகள் 2015இல் வெளியாயின. ஒரு பிரிவினருக்கு 12 மணி நேரப் பயிற்சி. மற்றவர்களுக்குத் துண்டுப் பிரசுரம் மட்டும். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது வன்புணர்வுக்கு ஆளானவர்கள் பயிற்சி பெற்றவர்களில் 5.2 சதவீதம், பெறாதவர்களில் 9.8 சதவீதம். ஏறக்குறைய பாதி. கவனிக்க வேண்டியது அந்த 12 மணி நேரத்தில் என்ன இருந்தது என்பது. கை கால் பயிற்சி அதில் ஒரு சிறு பகுதிதான். மற்றதெல்லாம் தெரிந்த ஆள் எல்லை மீறுவதை ஆரம்பத்திலேயே அடையாளம் காண்பது, ‘இவன் மனம் நோகுமே’ என்ற தயக்கத்தை உடைப்பது, வாயால் மறுப்பது, தன் உடம்பைப் பற்றித் தானே முடிவெடுப்பது. நம் ஊர் வகுப்புகளில் இந்தப் பகுதியைத்தான் சுத்தமாக விட்டுவிடுகிறார்கள். அதைச் சொல்லித் தருவதற்கு வெள்ளை உடை தேவையில்லை. வீட்டில் அம்மாவே தொடங்கலாம். தாத்தாவே கேட்டாலும் முத்தம் கொடுக்க இஷ்டமில்லை என்று சொல்லும் குழந்தையை அதட்டாமல் இருப்பதுகூட அந்தப் பாடத்தில் சேர்ந்ததுதான்.

குரலையும் பழக்க வேண்டும். பயத்தில் தொண்டை அடைத்துவிடும் என்பதால் வகுப்பிலேயே அடிவயிற்றிலிருந்து கத்திப் பழகியிருக்க வேண்டும். கராத்தேயில் குத்தும்போது போடுகிற சத்தத்துக்கு இந்தப் பயனும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து தாயாரைப் பார்க்க வருகிற பெண்கள் இரண்டு தெலுங்குச் சொற்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். பிடித்தவனைப் பார்த்து ‘வதலு!’, சுற்றி நிற்பவர்களைப் பார்த்து ‘காப்பாடண்டி!’ பொதுவாகக் கத்தினால் ‘வேறு யாராவது போவார்கள்’ என்று ஆளாளுக்கு நின்றுவிடுவார்கள். ‘பச்சைச் சட்டை அண்ணா, நீங்க வாங்க’ என்று ஒருவரைக் குறித்துக் கூப்பிட்டால் அவரால் நகர முடியாது. அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. எந்த மாநில எல்லையானாலும் இவை மாறாது.

அரசுப் பள்ளியில் படிக்கும் பெண்களுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதே இல்லை. சமக்ர சிக்ஷாவின் கீழ் ராணி லட்சுமிபாய் தற்காப்புப் பயிற்சித் திட்டம் இருக்கிறது. 6 முதல் 12ஆம் வகுப்பு வரையுள்ள மாணவிகளுக்கு 3 மாதப் பயிற்சி. பயிற்சியாளருக்கென்று பள்ளிக்கு மாதம் ரூ.5,000 வரை ஒதுக்கீடு உண்டு. உங்கள் மகள் பள்ளியில் அது நடக்கிறதா என்று தலைமை ஆசிரியரைக் கேளுங்கள். கேட்கிற பெற்றோர் இருக்கும் பள்ளியில் திட்டம் காகிதத்தோடு நிற்பதில்லை.

திருப்பி அடித்தால் நம் மீதே வழக்கு வருமா என்று பலருக்குப் பயம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. தன் உடம்பையும் பிறர் உடம்பையும், சொத்தையும்கூடக் காத்துக்கொள்ளும் உரிமை எல்லோருக்கும் உண்டு. காத்துக்கொள்ளத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்யக் கூடாது என்பது வரம்பு. போலீஸ் உதவியை நாட அவகாசம் இருந்தால் இந்த உரிமையே கிடையாது. கையை முறுக்கியவனின் மூக்கில் ஒன்று விட்டு ஓடினால் சட்டம் உங்கள் பக்கம். அவன் சுருண்டு விழுந்த பிறகு போய் நான்கு உதை சேர்த்துக் கொடுத்தால் நீங்கள் அவன் பக்கம் போய்விட்டீர்கள். உயிர் போகும் என்றோ, பாலியல் வன்கொடுமை நடக்கும் என்றோ, அமிலம் வீசப்படும் என்றோ நியாயமான அச்சம் இருந்தால் எதிராளி இறந்தாலும் குற்றமாகாது. ஆபத்தில் இருப்பவர் தராசு பிடித்து எடைபோட்டு அடிக்க முடியாது என்பதை நீதிமன்றமும் ஏற்கிறது. 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த நெறிகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறது. நல்ல ஆசிரியர் ஒரு வகுப்பாவது இதற்கு ஒதுக்குவார். சங்கிலிப் பறிப்புக்காரன் கையில் கத்தி இருந்தால் சங்கிலியைக் கொடுத்துவிடச் சொல்பவர்தான் ஆசான். கத்தியைப் பிடுங்கச் சொல்லித் தருபவர் சினிமா எடுக்கப் போகலாம்.

அடிபடாமல் எந்தக் கலையும் வராது. என்ன அடி என்பதில்தான் கவனம் வேண்டும். சிராய்ப்பு, சுளுக்கு பரவாயில்லை. தலையில் அடி பட்டால் அன்றைக்கு விளையாட்டு முடிந்தது. பிள்ளை ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்றாலும் முடிந்ததுதான். வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல் என்றால் நேரே ஆஸ்பத்திரி. தொடாமல் பழகும் பயிற்சியில் உடலும் மனமும் முதிர்ந்ததைக் காட்டிய பிறகே அடி படும் போட்டிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பலாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016இல் வெளியிட்ட அறிக்கையின் கருத்து. ஓடு உடைக்கும் வித்தையை வளரும் கைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம்.

எலும்பு முறிந்தால் இந்த வட்டாரத்தில் யோசிக்காமல் வண்டி ஏறும் இடம் ஒன்று உண்டு. திருப்பதியிலிருந்து சென்னை போகும் வழியில் இருக்கும் புத்தூர். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி என்று கட்டும் புத்தூர் கட்டின் பெயரைத் தமிழ்நாடு முழுக்கப் பலகைகளில் பார்க்கலாம். அதன் மீது மக்களுக்கு இருக்கும் நம்பிக்கையைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. எளிய முறிவுகள் பல அப்படிக் கூடியிருக்கின்றன. ஆனால் முதலில் எக்ஸ்ரே. முழங்கைக்குச் சற்று மேலே முறிந்த சிறுவனின் கைக்கும், தோல் கிழிந்து எலும்பு தெரியும் காயத்துக்கும், மூட்டுக்குள் ஏற்பட்ட முறிவுக்கும் கட்டு போதாது. எங்கே கட்டியிருந்தாலும் விரல் மரத்துப்போனாலோ, நீலம் பாரித்தாலோ, வலி மணிக்கு மணி ஏறினாலோ கட்டு இறுக்கமாகி ரத்த ஓட்டத்தை நிறுத்துகிறது என்று அர்த்தம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சில மணி நேரத்தில் தசை செத்து, கை மடங்கியபடியே நின்றுவிடும். எலும்புக்கென்றே திருப்பதியில் தேவஸ்தானத்தின் பர்ட் மருத்துவமனை இருக்கிறது.

கடைசியாக, ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது. பட்டை நிறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். ஜூடோவில் கானோ கொண்டுவந்த கறுப்புப் பட்டைக்கு, ஒழுங்காகப் பாடம் தொடங்கத் தயாராகிவிட்டான் என்பதற்கு மேல் பொருள் கிடையாது. நடுவே இருக்கும் வண்ணங்கள் பிற்காலத்தில் சேர்ந்தவை. மூன்று மாதத்துக்கு ஒரு பட்டை, பட்டைக்கு ஒரு தேர்வு, தேர்வுக்கு ஒரு கட்டணம் என்றால் மொத்தக் கணக்கை முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேரளத்தின் வடகரையில் களரி சொல்லித் தரும் மீனாட்சி அம்மாவுக்கு 2017இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஏழு வயதில் களரிக்குள் இறங்கியவர். அவருடைய களரியில் கட்டணம் என்று கேட்பதில்லை, குருதட்சிணைதான். எல்லோரும் அப்படி இருக்க முடியாது. வாடகை கட்டுகிற ஆசிரியர் கட்டணம் வாங்கத்தான் வேண்டும். எதற்கு வாங்குகிறோம் என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

நிலையைத் திருத்தத் தொட வேண்டியிருந்தால் ‘தோளைத் திருப்பப் போகிறேன்’ என்று சொல்லிவிட்டுத் தொடுபவரா? பெண் பிள்ளைகளுக்குப் பெண் உதவியாளர் உண்டா? போட்டிக்கு வெளியூர் போனால் கூட வருவது யார்? இவற்றைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ‘குரு பக்தி’யைக் காரணம் காட்டி எதையும் வீட்டில் சொல்லாதே என்பவரிடம் ஒரு நாள்கூடப் பிள்ளையை விடக் கூடாது. குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தண்டனைக்குரியது. இது வாத்தியாருக்கும் பொருந்தும், பெற்றோருக்கும் பொருந்தும்.

பணம் கட்டுவதற்கு முன் ஒருநாள் சாயங்காலம் போய் ஓரமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். வகுப்பிலேயே சுமாரான பிள்ளையை ஆசிரியர் எப்படி நடத்துகிறார் என்று கவனியுங்கள். கெட்டிக்காரப் பிள்ளையை எவரும் நன்றாகத்தான் நடத்துவார்கள். உட்கார விடமாட்டோம் என்று சொன்னால் வேறு வகுப்பைத் தேடுங்கள்.